“பின்னாடி கை வை கண்ணு!” - எண்ணூர் ஆற்றில் வெறும் கையால் இறால் பொறுக்கும் ஆயாவோடு ஒரு காலை

மே மாதம் பிறந்தால் எங்கள் டெஸ்க்கில் ஒரு வகை ரீல்ஸ் சுற்ற ஆரம்பித்துவிடும். ஐரோப்பாவில் எங்கோ ஒரு காடு. கையில் பிரம்புக் கூடை. மரத்தடியில் சருகை விலக்கினால் மஞ்சளாக ஒரு காளான். பறித்து, வெண்ணெயில் வதக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய். லட்சக்கணக்கில் லைக்ஸ்.

“நம்ம ஊர்ல இப்படி யாராவது காட்டுல, மேட்டுல பொறுக்கிச் சாப்பிடறாங்களா? லீவு நேரத்துல படிக்க நல்லா இருக்குமே” என்றார் சீனியர்.

எனக்கு அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்த மறுநாள் அப்பாயியைக் காலையில் வீட்டில் பார்க்க முடியாது. முந்தானையில் புற்றுக்காளானை மூட்டையாகக் கட்டிக்கொண்டுதான் திரும்பும். இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்று சத்தியமே செய்யும். உண்மையில் அது கறையானின் வேலை. புற்றுக்குள் கறையான்கள் தங்கள் உணவுக்காக ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. மழை ஈரம் இறங்கியதும் அந்தப் பூஞ்சை மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. கறையான் இல்லாமல் வளராது என்பதால்தான் பட்டன் காளான் மாதிரி அதைப் பண்ணையில் வளர்த்து பாக்கெட் போட முடியவில்லை.

அப்பாயியிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, காளானை மேலாகக் கிள்ளாமல் தோண்டிப் பார்க்க வேண்டும். காம்பு வேர் மாதிரி நீண்டு ஆழமாகப் புற்றுக்குள் இறங்கியிருந்தால்தான் எடுக்கும். இரண்டு, எடுத்த இடத்தை யாரிடமும் சொல்லாது. அம்மாவிடம்கூட.

(இதைப் படித்துவிட்டு யாரும் காளான் பொறுக்கக் கிளம்பிவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பூண்டு போட்டுப் பார்ப்பது, வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது எதுவும் வேலைக்கு ஆகாது. மிக மோசமான காளான் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் வாந்தியே வரும். அதற்குள் விஷம் கல்லீரலுக்குப் போயிருக்கும்.)

சரி, அப்பாயியின் காளான் ஐப்பசிக்கு. கத்திரி வெயிலில், அதுவும் சென்னையில், பொறுக்கித் தின்ன என்ன இருக்கிறது? வீடியோ டீமில் இருக்கும் திருவொற்றியூர்த் தம்பிதான் சொன்னான். “காளான் இல்லக்கா. ஆனா எங்க பக்கம் ஆத்துல இருளர் ஜனங்க வெறும் கையால இறால் பொறுக்குவாங்க. காலைல நாலு மணி ட்ரெய்ன் புடிக்கணும். வரியா?”

போனேன்.

கும்மிடிப்பூண்டி லோக்கல் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று போகிறது. பெட்டியில் பாதிப் பேர் ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவர்கள். மீதிப் பேர் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். எண்ணூர் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தின் மேல் ஏறுகிறது. கீழே விரிந்து கிடப்பது கொசஸ்தலையாறு. பூண்டி நீர்த்தேக்கத்தில் நாம் குடிப்பதற்கு மறித்ததுபோக மிஞ்சிய ஆறு, பக்கிங்காம் கால்வாயையும் சேர்த்துக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. அந்த இருட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் உயர்மின் கோபுரங்களும், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி உச்சியில் சிவப்பாக மினுக்கும் விளக்குகளும்தான். இந்த ஊரில் யார் போய் எதைப் பொறுக்குவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, கொஞ்ச தூரம் ஆட்டோ, கொஞ்ச தூரம் நடை. எங்கே என்று எழுதப்போவதில்லை. ஆயா கேட்டுக்கொண்டது அது. “எடத்தப் போட்டுடாத கண்ணு. நாளைக்கு யூடியூப்காரன் வந்து நிப்பான்.” அப்பாயி உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேரும் நல்ல சிநேகிதிகள் ஆகியிருப்பார்கள்.

ஆயாவுக்கு அறுபத்தைந்து இருக்கலாம். அவரிடம் கேட்டால் “சர்ட்டிபிகேட்டுல ஒண்ணு போட்டுக்கீது” என்கிறார். பழைய பேன்ட், மேலே சட்டை, தலையில் துண்டு. கூட மருமகளும் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரும். மூன்று பேர் கையிலும் வலை இல்லை, தூண்டில் இல்லை. பனையோலையில் முடைந்த பறி மட்டும்தான். கூடை மாதிரி, வாய் குறுகியது. ஆற்றில் இறங்கியதும் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருக்கும்போது பறியை வேறு யார் பிடிப்பது?

இந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அட்டமி, நவமிப் பக்கம் மந்தமாக இருக்கும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நாங்கள் போனது அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள். விடியும்போது தண்ணீர் இடுப்புக்கும் கீழே இருந்தது. அமாவாசை அன்றே வந்திருந்தால் வத்தம் மத்தியானத்தில் வந்து, கத்திரி வெயிலில் வெந்திருப்போம் என்று மருமகள் சிரித்தார். இந்தக் கணக்குக்கு நான் போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். ஆயா கரையில் நின்று, அலையாத்திச் செடியின் அடியில் ஈரம் எதுவரை இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பொடிக் குஞ்சுகள் ஏறும் தண்ணீரோடு முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் வருகின்றன. உப்பும் இனிப்பும் கலந்த இந்தத் தண்ணீரில், சேற்றில் ஒளிந்து சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. கடலில் போட்டுக்காரர்கள் பிடிக்கும் இறாலில் பலவும் ஆற்றுச் சேற்றில் வளர்ந்து போனவைதான். பகலில் அவை மண்ணுக்குள் புதைந்துகிடக்கும். அந்தப் புதைந்த இறாலைக் கையால் தடவி எடுப்பதுதான் இவர்கள் தொழில்.

சுற்றுவட்ட மீனவக் கிராமங்களுக்கு வலை போட ஆற்றில் ‘பாடு’ உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இருளர்களுக்கு அந்தப் பாட்டில் பங்கில்லை. அதனால் வலை இறங்காத ஓரங்கள், அலையாத்தி வேர்களுக்கு இடையிலுள்ள சேறு, கால்வாய் சந்துகள்தான் இவர்களுடையவை. யாருக்கும் பட்டா இல்லாத இடம் என்பதால்தான் இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. 2017-ல் டி.எம்.கிருஷ்ணா இதே எண்ணூர் ஆற்றில் நின்று ‘சென்னை புறம்போக்கு பாடல்’ பாடினார். புறம்போக்கு என்பதை வசைச் சொல்லாகவே கேட்டு வளர்ந்த நான், அந்த வீடியோவை ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு முறை ஷேர் செய்திருக்கிறேன். அந்த மண்ணில் கால் வைத்தது இப்போதுதான்.

இருளர் என்றால் நம்மில் பலருக்குப் பாம்பு ஞாபகம்தான் வரும். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சு, அதிலிருந்து தயாராகும் விஷமுறிவு மருந்து, 2023-ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் கிடைத்த பத்மஸ்ரீ எல்லாம் செய்தியாக வந்தன. ஆனால் மண்ணையும் பொந்தையும் புற்றையும் படிக்கத் தெரிந்த அந்தக் கையின் இன்னொரு வேலை இது. ஈசல், புற்றுக்காளான், கிழங்கு, வயல் எலி, எலிவளை நெல் எல்லாம் ஆயாவின் அம்மா காலத்துச் சாப்பாடு. “இங்க காடு ஏது? காட்டுக்குப் பதிலு ஆறு வச்சிக்கினோம்” என்றார் ஆயா.

நானும் இறங்கினேன். முதல் அடியிலேயே முழங்கால்வரை சேறு. ஆயா தண்ணீரில் உட்கார்ந்தேவிட்டார். கழுத்து மட்டும் வெளியே. இரண்டு கையையும் விசிறி மாதிரி விரித்துத் தரையைத் தடவியபடி ஊர்ந்துபோகிறார். ஒரு கை மெதுவாக, இன்னொரு கை சட்டென்று. பறிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

என் கையிலும் ஒன்று பட்டது! பட்ட கணமே காணோம். மூன்று முறை இப்படி ஆனதும் ஆயா பல்லிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டுச் சொன்னார். “மூஞ்சிப் பக்கம் கை வச்சா அது பின்னாடி துள்ளிப் பூடும். பின்னாடி கை வை கண்ணு!” ஆமாம், இறால் பயந்தால் வாலை மடக்கி அடித்துப் பின்பக்கம்தான் பாயும். ஆக, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மீசை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். அதற்குள் அதன் தலைமுள் குத்தாமல் இருக்க வேண்டும். கெளுத்தி மீன் முள் குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். நண்டு வளைக்குள் விரலை விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் நான் பிடித்தது இரண்டு. இரண்டும் சுண்டுவிரல் அளவு. தம்பி அதை வீடியோ எடுத்து இன்னும் டெலீட் செய்யவில்லை.

சேற்றைப் பற்றி ஆயா பேசுவதைக் கேட்க வேண்டும். மெத்தென்று உள்வாங்கும் சேற்றில் இறால் இருக்கும். நறநறவென்ற மணலில் இருக்காது. கால் அழுந்தும்போது குமிழி விட்டால் அங்கே நண்டு. ஓர் இடத்தில் என் கையைப் பிடித்துத் தரையில் வைத்தார். மேலே சோப்பு மாதிரி வழுக்கல். கீழே சிமென்ட் மாதிரி இறுக்கம். “சாம்பலு” என்றார். அனல்மின் நிலையத்தில் எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்களில் ஏற்பட்ட கசிவு பல ஆண்டுகளாக இந்த ஆற்றில் படிந்திருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு அது. சாம்பல் படிந்த இடத்தில் ஆறு மேடாகிவிட்டது. இறால் புதைய முடியாது. ஆயா அந்தப் பக்கம் நீந்திக்கூடப் போவதில்லை.

இன்னோர் இடத்தில் கையை வைத்ததும் நானே ‘ஆ’ என்று இழுத்துக்கொண்டேன். விரலில் ரத்தம். பிளேடை நட்டு வைத்த மாதிரி, தரை முழுக்க ஒட்டிக் கிடக்கும் சின்னச் சின்னக் கறுப்புச் சிப்பிகள். ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். இது நம் ஊர் ஆழி இல்லை. தென் அமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் பாரத்துக்காக அடிவயிற்றில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரில் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் மீனவர்கள். எண்ணூரில் பரவி, வடக்கே பழவேற்காடு வரை போய்விட்டது. பாய் விரித்த மாதிரி ஆற்றுத் தரையை மூடிக்கொள்வதால் இறாலுக்குச் சேறே கிடைப்பதில்லை. ஆயாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். புதிது, பழையது என்று குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்.

“கிளவுஸ் போட்டுக்கலாமே ஆயா?” என்று கேட்டுவிட்டேன். படித்த பிள்ளையின் யோசனை.

மூன்று பேரும் சிரித்தார்கள். மருமகள்தான் பதில் சொன்னார். “ஒரு தபா ஒரு சார் வாங்கியாந்து குடுத்தாரு. போட்டுக்கினு இறங்குனா ஒண்ணும் புரியல. கண்ணக் கட்டி வுட்டா மாதிரி ஆயிருச்சி.”

எட்டு மணிக்குத் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கரையேறினோம். பறியைக் கவிழ்த்தால் வெள்ளை இறால் கொஞ்சம், உடம்பில் பட்டை போட்ட இறால் நாலைந்து, மீதியெல்லாம் பொடி. மூன்று பேர் மூன்று மணி நேரம் கழுத்தளவு தண்ணீரில் கிடந்ததற்குக் கிடைத்தது இரண்டு கிலோ தேறுமா என்பது சந்தேகம். அதுவும் இப்போது நல்ல விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அதனால் ஆற்று இறாலுக்குக் கிராக்கி. வியாபாரி அக்கா ஸ்கூட்டியில் வந்து பெரியதை எடுத்துக்கொண்டு போனார். மழைக்காலத்தில் பாதி விலைகூடக் கிடைக்காதாம்.

பொடி வீட்டுக்கு. போகிற வழியில் ஆயா உமரிக்கீரையும் கிள்ளிக்கொண்டார். உப்பு மண்ணில் தானாக முளைக்கும் குட்டிச்செடி. இலை சின்னச் சின்னதாகத் தடித்திருக்கும். வாயில் போட்டால் உப்புக் கரிக்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பருப்போடு சேர்த்துக் கடைய வேண்டும். தனியாக உப்பே போட வேண்டாம். இந்தப் பக்கம் முன்பு உப்பளங்கள் இருந்தன, அந்த ஓரமெல்லாம் இது கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

ஓலைக் கூரையும் தார்ப்பாயும் போட்ட வீடு. கத்திரிக்காயும் பொடி இறாலும் போட்ட குழம்பு அடுப்பில் கொதிக்க ஆரம்பித்ததும் எனக்குப் பசி வந்துவிட்டது. கூடவே ஒரு தயக்கமும். தட்டு வந்தது. நான் உடனே கை வைக்கவில்லை. இரண்டு வினாடிதான். ஆயா பார்த்துவிட்டார்.

கோபித்துக்கொள்ளவில்லை. அவரே பேச ஆரம்பித்தார். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, எர்ணாவூர்க் கடற்கரையில் பிள்ளைகள் வாளியில் அள்ளியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி ஆறே கறுப்பானது, கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிப்போய் நின்றது, மீனவர்கள் படகில் போய் மக்கில் மொண்டு மொண்டு எடுத்தது. அதே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தது.

“எண்ணெ வந்தப்ப நாத்தம் அடிச்சிது. தெரிஞ்சிச்சி. ரெண்டு மாசம் ஆத்துப் பக்கமே போவல, இறாலத் தொடல. அந்த கேஸு வந்தப்ப கண்ணு எரிஞ்சிது, ஓடிட்டோம். இது அப்பிடி இல்ல கண்ணு. பாத்தா நல்லாத்தான் கீது. மோந்தா நல்லாத்தான் கீது. தின்னாலும் நல்லாத்தான் கீது. உள்ள இன்னா கீதுன்னு எனக்கெப்பிடித் தெரியும்? எங்கம்மா எனக்கு எத்தினியோ சொல்லிக் குடுத்துச்சி. இத்தப் பத்தி அதுக்கே தெரியாதே.”

அப்பாயி காளானைத் தோண்டிப் பார்க்கும். வேர் கீழே இறங்கியிருந்தால் நல்லது. இங்கே எதைத் தோண்டிப் பார்ப்பது?

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டேன். பொடி இறாலுக்கே உரிய அந்த லேசான இனிப்பு. தம்பி என்னைவிட அதிகம் சாப்பிட்டான். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் இறால் தலையை உறிஞ்சிக்கொண்டு என் போனில் கேம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

கிளம்பும்போது ஆயா ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே ஒரு கை அளவு இறால். நான் வேண்டாம், பிள்ளைகளுக்கு வையுங்கள் என்றேன்.

“துன்றதுக்கு இல்ல. நீ படிச்ச புள்ள. பட்டணத்துல எங்கனா டெஸ்ட்டு பண்ற எடம் இருக்கும்ல? இதுல இன்னா கீதுன்னு கேட்டு எனக்குச் சொல்லு. புள்ளைங்க துன்னுதுங்க.”

மறுநாள் இரண்டு பரிசோதனைக் கூடங்களுக்குப் போன் செய்தேன். ஈயமா, பாதரசமா, ஆர்செனிக்கா, எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம். ஒரு கைப்பிடி போதாது, இடம் வாரியாக எடுத்து ஐஸில் வைத்துக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். சீனியரிடம் சொன்னேன். எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அடுத்த அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள் மறுபடி அந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்.

ஆயா கொடுத்த பை எங்கள் ஆபீஸ் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இருக்கிறது. யாராவது தெரியாமல் எடுத்துவிடக் கூடாதே என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ‘சாப்பிட வேண்டாம்’.